மாரடைப்பும் “ஷாக்” என்னும் ஆபத்தும்



மாமல்லபுரம் பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து வந்த தாயார் ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் என்னிடம் கேட்டார்: “டாக்டர் ஷாக்குன்னு சொல்றாரே ஐயா, எங்க வீட்டுக்காரர்கிட்ட யாரும் கெட்ட சேதி எதுவும் சொல்லலையே?” கேள்வியில் தவறில்லை. நாம் அறிந்த ஷாக் மின்சாரத்தால் வரும், அல்லது துக்கச் செய்தியால் வரும்.

மருத்துவர் சொன்னது வேறு. மாரடைப்பில் இருதயத் தசையின் பெரும்பகுதி செயலிழந்தால், உடலுக்குத் தேவையான இரத்தத்தை அதனால் இறைத்துக் கொடுக்க முடிவதில்லை. இரத்த அழுத்தம் 90க்குக் கீழே இறங்கும், கைகால் சில்லிட்டு வியர்க்கும், சிறுநீர் குறையும், நோயாளி தடுமாறிப் பேசுவார். அழுத்தம் குறையக் குறைய இருதயத்துக்கே இரத்தம் போதாமல் அது மேலும் சோர்ந்துபோகும். மாரடைப்பு வந்தவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு இந்நிலை ஏற்படுகிறது. நல்ல சிகிச்சை கிடைத்தும் ஏறக்குறைய பாதிப்பேரை இழக்கிறோம்.

“ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்தக்கூடாதா?” என்று உறவினர் கெஞ்சுவதுண்டு. பேதியால் துவண்டவருக்கு அது உயிர் கொடுக்கும். இங்கோ பல வேளைகளில் அந்த நீர் நுரையீரலில் தேங்கி மூச்சுத் திணறலைக் கூட்டிவிடும். நாரட்ரினலின் போன்ற மருந்துகள் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவே. அடைபட்ட இரத்தக்குழாயைத் திறப்பதே மெய்யான வைத்தியம். 1999ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், உடனடியாக அடைப்பை நீக்கியவர்களில் 6 மாதத்திற்குள் நூற்றுக்கு 50 பேர் மரித்தார்கள். முதலில் அடைப்பை நீக்காமல் கவனிக்கப்பட்டவர்களில் 63 பேர்.

பலூன் பம்ப் என்னும் கருவியின்மேல் பெரும் நம்பிக்கை இருந்தது. 2012ல் ஜெர்மனியில் 600 பேரிடம் நடந்த ஆய்வில் அதனால் உயிரிழப்பு குறையவில்லை. இருதயத்துக்குள் வைக்கும் சிறு பம்ப் ஒன்று சிலருக்குப் பலன் தருவதாக 2024ல் தெரியவந்தது. ஆனால் இரத்தக்கசிவு அதிகம், விலையோ மிகமிக அதிகம்.

ஆகவே கருவியைவிட நேரமே பெரிது. மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குச் சுமார் 30 கிலோமீட்டர். 2023 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய “இதயம் காப்போம்” திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடோர்வாஸ்டேட்டின் மாத்திரைகளின் முதல் தவணையைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். அந்தத் தாயாரின் கணவருக்கு வலி கண்டது விடியற்காலை 4 மணிக்கு. வாயு என்று எண்ணிச் சோடா குடித்துப் படுத்துக்கொண்டார். வந்து சேர்ந்தபோது மணி 11.

அன்றே அடைப்பை நீக்கினார்கள். ஆறாம் நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். கடலுக்குப் போக மருத்துவர் இன்னும் அனுமதிக்கவில்லை.