அருகிருக்கையில் ஒரு குரல்

விடுதியில் என் அறை நண்பர் பார்வையற்றவர். அவர் வரலாற்று மாணவர். நான் இயற்பியல் மாணவன். மாலை வேளைகளில் அவருக்குப் பாடம் வாசித்துக் காட்டுவதும், காலையில் வகுப்பறை வரை உடன் செல்வதும் கடந்த இரண்டாண்டுகளாக என் வழக்கம். ஒருநாள் இரவு எங்கள் அறையில் நாலைந்து பேர் கூடி, கைப்பேசியில் ஒரு கார் ராலிப் படம் பார்த்துக்கொண்டிருந்தோம். காரின் உள்ளேயே பொருத்திய காமிராவில் எடுத்த படம். மரங்கள் இரு பக்கமும் பறந்தன, புழுதி எழுந்தது, கார் ஒரு மேட்டில் ஏறி அந்தரத்தில் தாவி இறங்கியது. "அடேயப்பா, என்னமாய் ஓட்டுகிறான்!" என்று நாங்கள் வாய்பிளந்து நின்றோம். கட்டிலில் படுத்திருந்த நண்பர் மட்டும், "ஓட்டுவது இருக்கட்டும். பக்கத்தில் ஒருவர் மூச்சு விடாமல் படித்துக்கொண்டே வருகிறாரே, அவர் யார்?" என்று கேட்டார்.

எங்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. கண்ணால் பார்த்த எங்களுக்கு அந்தக் குரல் காதில் ஏறவே இல்லை. பார்க்காத அவருக்கோ அதுதான் முதலில் கேட்டிருக்கிறது. அந்தக் கேள்விக்கு விடை தேடப் புகுந்து நான் அறிந்துகொண்டவற்றையே இக்கட்டுரையில் தருகிறேன்.

ராலி வேறு, ரேஸ் வேறு

சுற்றுப் பாதையில் நடக்கும் பந்தயத்தில் கார்கள் எல்லாம் ஒன்றாகப் புறப்பட்டு ஒரே பாதையைத் திரும்பத் திரும்பச் சுற்றுகின்றன. சில சுற்றுகளுக்குள் ஒவ்வொரு வளைவும் ஓட்டுநருக்கு மனப்பாடமாகிவிடும். அங்கே பக்கத்தில் ஆள் தேவையில்லை.

ராலி அப்படியன்று. காட்டுச் சாலை, மலைச் சாலை, பனி மூடிய சாலை என்று ஊர்மக்கள் நாள்தோறும் போய்வரும் சாலைகளையே சில மணி நேரம் அடைத்து, அவற்றில் இதை நடத்துகிறார்கள். கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளி விட்டுப் புறப்படும். எதிரி கண்ணுக்குத் தெரியமாட்டான், கடிகாரம்தான் எதிரி. இவ்வாறு அடைக்கப்பட்ட பகுதிகளுக்குச் 'சிறப்புக் கட்டங்கள்' என்று பெயர். உலகச் சாம்பியன் போட்டியைச் சேர்ந்த ஒரு ராலியில் இவற்றின் மொத்த நீளம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். அத்தனை தூரத்து வளைவுகளையும் மேடு பள்ளங்களையும் எந்த மனிதராலும் நெட்டுருப் போட முடியாது. ஆகவேதான் பக்கத்து இருக்கையில் இன்னொருவர் அமர்கிறார். அவரே துணை ஓட்டுநர். பெயர் அப்படியிருந்தாலும், சிறப்புக் கட்டத்தில் அவர் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. அவர் கையில் இருப்பது ஒரு நோட்டுப் புத்தகம்.

குறிப்பு பிறக்கும் விதம்

போட்டி தொடங்குவதற்கு முன் இருவரும் சாதாரணக் கார் ஒன்றில், வேகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு, அந்தச் சாலைகளில் போய்வர அனுமதி உண்டு. உலகப் போட்டிகளில் பொதுவாக ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு முறை. முதல் முறை, ஓட்டுநர் சாலையைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, துணை ஓட்டுநர் சுருக்கெழுத்துப் போன்ற குறியீடுகளில் எழுதுகிறார். இரண்டாம் முறை, எழுதியதை அவர் வாசிக்க, ஓட்டுநர் சரிபார்த்துத் திருத்துகிறார்.

அந்தக் குறிப்பைத் தமிழில் எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "நூறு, வலம் ஐந்து, மேடு, உடனே இடம் மூன்று, குறுகும், உள்ளே வெட்டாதே." 'நூறு' என்பது அடுத்த வளைவுக்கு இன்னும் 100 மீட்டர் என்பதைக் குறிக்கும். பலர் கையாளும் முறையில் 1 என்றால் மிகக் கூர்மையான வளைவு. 6 என்றால் வேகம் குறைக்காமலே போகத்தக்க இலேசான வளைவு. 'குறுகும்' என்றால் போகப்போக வளைவு இறுகுகிறது. நம்பி வேகமெடுக்கக் கூடாது. 'உள்ளே வெட்டாதே' என்றால் வளைவின் உள்ளோரத்தில் கல்லோ பள்ளமோ காத்திருக்கிறது. சில ஓட்டுநர்கள் இந்த எண்களைத் தலைகீழாகவும் வைத்துக்கொள்வதுண்டு. ஒவ்வோர் இணைக்கும் ஒரு தனி மொழி. அதில் இலக்கணம் வகுப்பவர்களும் பேசுபவர்களும் அந்த இரண்டே பேர்தாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். துணை ஓட்டுநர் வாசிப்பது பெரும்பாலும் ஓட்டுநரின் சொந்தச் சொற்களைத்தான். நிதானமான வேகத்தில், தெளிந்த மனத்தோடு, 'இந்த வளைவு ஐந்து' என்று தீர்மானித்தவர் அவரே. போட்டியில் மழையும் புழுதியும் பதற்றமும் சூழ்ந்து, 'இது ஐந்துதானா?' என்று மனம் தடுமாறுகிற நேரத்தில், அவருடைய பழைய தீர்மானத்தை ஒருவர் அமைதியான குரலில் அவருக்கே திருப்பித் தருகிறார். நம் அறிவைப் பத்திரமாக வாங்கி வைத்திருந்து, நாம் தடுமாறும்போது திருப்பித் தருபவர். துணை ஓட்டுநருக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

ஒரு நொடியின் கணக்கு

மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் சுமார் 42 மீட்டர் கடக்கிறது. ஒரு குறிப்பை வாசிக்க ஒரு நொடிக்கு மேலும் ஆகலாம். எனவே கண்ணுக்குத் தெரியும் வளைவைச் சொல்லிப் பயனில்லை. அதற்கு அடுத்ததை, சமயத்தில் அதற்கும் அடுத்ததைச் சொல்ல வேண்டும். மிக முன்னதாகச் சொன்னால் ஓட்டுநர் மனத்தில் தங்காது. பிந்திச் சொன்னால் சொல்லாததற்குச் சமம்.

நம் ஊர்ப் பழக்கத்தில் இவரைப் பக்கவாத்தியக்காரர் எனலாமா என்று யோசித்தேன். பொருந்தவில்லை. பக்கவாத்தியம் பாட்டோடு சேர்ந்து வருவது. இந்தக் குரலோ பாட்டுக்கு இரண்டடி முன்னே போக வேண்டியது. அதிலும் அவர் தலை நோட்டுப் புத்தகத்தின் மேல் குனிந்திருக்கிறது. கார் எங்கே இருக்கிறது என்பதை, இடையிடையே நிமிர்ந்து பார்ப்பது போக, உடம்பாலேயே அறிகிறார். பிரேக் அழுத்தும்போது வரும் தள்ளல், வளைவில் வரும் சாய்வு, மேட்டில் வயிறு எழும்பும் உணர்வு ஆகியவைதாம் அவருக்குக் கண்கள்.

இவ்வளவோடு வேலை முடிவதில்லை. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையில் பொதுச் சாலையில், சாலை விதிகளுக்குக் கட்டுப்பட்டுச் சென்று, குறித்த நிமிடத்தில் சாவடியில் நேர அட்டையைக் கொடுக்க வேண்டும். பிந்தினால் தண்டனை; முந்தினாலும் தண்டனை. உலகப் போட்டி விதிப்படி ஒரு நிமிடம் பிந்தினால் 10 நொடி. ஒரு நிமிடம் முந்தினால் ஒரு முழு நிமிடம். இந்தக் கணக்கெல்லாம் துணை ஓட்டுநர் பொறுப்பு. வழியில் சக்கரம் பழுதானால் இருவரும் இறங்கி மாற்ற வேண்டும்.

பேச முடியாத ஓட்டம்

குறிப்பை நம்பி ஓட்டுவதற்குப் பேர்பெற்ற முன்னோடி, கண்டிப்பாகச் சொன்னால் ராலியன்று. 1955இல் இத்தாலியில் நடந்த 'மில்லே மில்யா' என்ற சாலைப் பந்தயம். பிரெஷியாவில் புறப்பட்டு ரோம் வரை சென்று திரும்பும் சுமார் 1000 மைல் பாதை. ஆங்கிலேயரான ஸ்டிர்லிங் மாஸ் மெர்சிடிஸ் காரை ஓட்டினார். பக்கத்தில் டெனிஸ் ஜென்கின்சன் என்ற தாடிக்காரப் பத்திரிகையாளர். பக்கத்து இருக்கை இவருக்குப் புதிதன்று. 1949இல் எரிக் ஆலிவர் ஓட்டிய சைடுகார் மோட்டார் சைக்கிளில் உடன் சென்று உலகச் சாம்பியன் ஆனவர் இவர்.

இருவரும் பாதையை முன்கூட்டியே பல முறை சுற்றி, ஆபத்தான இடங்களையெல்லாம் குறித்தார்கள். ஜென்கின்சன் அவற்றை ஒரு நீண்ட காகிதச் சுருளில் எழுதி, உருளையில் சுற்றி, கண்ணாடிபோன்ற மூடியுள்ள உலோகப் பெட்டியில் வைத்துக்கொண்டார். திறந்த காரின் இரைச்சலில் பேச்சு கேட்காது. ஆகவே கைச்சைகைகளை வகுத்துக்கொண்டார்கள். பெட்டியில் சுருளை நகர்த்தி நகர்த்திப் படித்து, அவர் கை காட்டுவார். மாஸ் அதற்கேற்ப ஓட்டுவார். மேட்டுக்கு அப்பால் சாலை எப்படிப் போகிறது என்று தெரியாத இடங்களிலும், 'நேர்ச்சாலைதான்' என்று சைகை வந்தால் வேகத்தைக் குறைக்காமல் ஏறினார் மாஸ். வழியில் ஒரு முறை ஜென்கின்சனுக்குக் குமட்டல் வந்து தலையை வெளியே நீட்ட, காற்று அவர் மூக்குக்கண்ணாடியைப் பறித்துக்கொண்டு போயிற்று. நல்லவேளையாக இன்னொன்று கைவசம் வைத்திருந்தார்!

காலை 7.22க்குப் புறப்பட்ட அந்தக் காரின் எண்ணும் 722. 10 மணி 7 நிமிடம் 48 நொடியில் அது திரும்பி வந்து வென்றது. சராசரி வேகம் மணிக்கு 157 கிலோமீட்டருக்கு மேல். அதே நிறுவனத்தின் இன்னொரு காரில் தனியாக ஓட்டிய மாமேதை ஃபான்ஜியோ, சுமார் அரை மணி நேரம் பின்தங்கி இரண்டாவதாக வந்தார். அவர் காரில் கோளாறும் இருந்ததால் வித்தியாசம் முழுவதும் குறிப்பினால் வந்ததென்று சொல்லிவிட முடியாது. ஆயினும் அருகிருக்கையின் மதிப்பை உலகம் அன்று உணர்ந்தது.

இணைகள்

1981இல் இத்தாலியின் சான்ரெமோ ராலியில், உலகச் சாம்பியன் போட்டியைச் சேர்ந்த ஒரு ராலியை வென்ற முதல் பெண் என்ற புகழைப் பிரான்சு நாட்டு மிஷேல் முத்தோன் பெற்றார். அன்று பக்கத்தில் இருந்தவர் இத்தாலியப் பெண்ணான ஃபப்ரீசியா போன்ஸ். அடுத்த ஆண்டு இந்த இணை மூன்று ராலிகளை வென்று, முத்தோன் உலக வரிசையில் இரண்டாமிடம் பெற்றார். அவ்வாண்டு முதலிடம் பெற்ற வால்ட்டர் ரோரலுக்குப் பக்கத்தில் இருந்தவர் கிறிஸ்டியான் கைஸ்ட்டோஃபர். ரோரல் நான்கு முறை மாண்டி கார்லோ ராலியை வென்றார். நான்கும் வெவ்வேறு கார்கள். கார் மாறியது, அருகிருந்தவர் மாறவில்லை.

பிரான்சின் செபஸ்தியான் லோப் 2004 முதல் 2012 வரை தொடர்ந்து ஒன்பது முறை உலகச் சாம்பியன். அந்த ஒன்பது முறையும் உடனிருந்தவர் மொனாக்கோவைச் சேர்ந்த டேனியல் எலேனா. பின்னர் 2022இல், தம் 47ஆம் வயதில், லோப் மாண்டி கார்லோவை மீண்டும் வென்றபோது அருகில் அமர்ந்தவர் இசபெல் கால்மிஷ் என்னும் பெண்மணி. அவருடைய தொழில் என்ன தெரியுமா? பள்ளியில் கணித ஆசிரியை! நம் பேராசிரியர்கள் மகிழ்வார்கள் என்று இதைத் தனியே குறிப்பிடுகிறேன்.

வெற்றியைப் போலவே தோல்வியும் இருவருக்கும் பொது. 1998இல் பிரிட்டனில் ஆண்டின் கடைசி ராலி. ஸ்பெயின் நாட்டுக் கார்லோஸ் சைன்சும் லூயிஸ் மோயாவும் கடைசிக் கட்டத்தை முடித்தால் உலகப் பட்டம் அவர்களுடையது. முடிவுக் கோட்டுக்குச் சில நூறு மீட்டர் இருக்கையில் எஞ்சின் நின்றுபோயிற்று. மோயா தலைக்கவசத்தை வீசிக் காரின் பின்கண்ணாடியை உடைத்தார். பட்டம் கைநழுவியது, இணை கலையவில்லை. அதன் பின்னும் சில ஆண்டுகள் இருவரும் சேர்ந்தே ஓட்டினார்கள்.

விலை

2005 செப்டம்பரில் வேல்ஸில் நடந்த ராலியில், எஸ்தோனியாவின் மார்க்கோ மார்ட்டின் ஓட்டிய கார் சாலையை விட்டு விலகி மரத்தில் மோதியது. மார்ட்டினுக்குக் காயமில்லை. பக்கத்தில் இருந்த மைக்கேல் பார்க் இறந்துபோனார். மீதமிருந்த கட்டங்கள் நிறுத்தப்பட்டன. அப்போது முன்னணியில் இருந்தவர் லோப். அப்படியே முடிந்தால் உலகப் பட்டமும் அன்றே அவருக்கு. அப்படியொரு நாளில் பட்டம் வேண்டாமென்று வேண்டுமென்றே இரண்டு நிமிடத் தண்டனையை ஏற்றுப் பின்தங்கினார் அவர். மார்ட்டின் பழையபடி முழுநேரப் போட்டியாளராகத் திரும்பவே இல்லை.

ஸ்டியரிங் ஒருவர் கையில், உயிர் இருவருடையதும். ஓட்டுநர் மற்றவரின் சொல்லை நம்புகிறார். மற்றவரோ பிரேக்கும் இல்லாமல், சாலையும் பார்க்காமல், ஓட்டுநரின் கையை நம்பிக் குனிந்து படிக்கிறார். எவருடைய நம்பிக்கை பெரிது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

என் பிழை

துணை ஓட்டுநருக்கும் சில சமயம் வரி தவறிப்போகும். அப்போது நல்லவர் செய்வது ஒன்றே: தவறிவிட்டது என்று உடனே சொல்லிவிடுவது. ஓட்டுநர் வேகத்தைத் தணித்துக் கண்ணை நம்பி ஓட்டுவார்; சில நொடிகள் போகும், அவ்வளவே. தெரியாததைத் தெரிந்ததுபோல் உரக்கப் படித்தால்தான் ஆபத்து.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. சென்ற மழைக்காலத்தில் நண்பரை ஒரு கட்டடத்தின் பின்வாசல் வழியே அழைத்துப் போனேன். பேச்சு சுவாரசியத்தில் எண்ணிப் பாராமலே "மூன்று படி" என்றேன். நான்கு படிகள் இருந்தன. அவர் முழங்கால் சிராய்ந்து, புத்தகமெல்லாம் சேற்றில் விழுந்தது. நான் படி வழுக்கியதாகச் சாக்குச் சொன்னேன். அவர், "வழுக்கவில்லையப்பா, நீ எண்ணவில்லை. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல், நான் காலால் தடவிப் பார்த்துக்கொள்வேன்" என்றார். மறுநாள் காலையில் வழக்கம்போல் என் தோளில் கை வைத்தார். அந்தக் கையின் கனம் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இவ்வளவையும் அவருக்கு ஒரு மாலையில் சொல்லி, "நானும் ஒரு வகையில் துணை ஓட்டுநர்தான்" என்று பெருமையோடு முடித்தேன். அவர் சிரித்தார். "கொஞ்சம் வித்தியாசம் இருக்கிறது. அந்த ஓட்டுநர் தாம் பார்த்ததைத்தான் மறுபடி கேட்கிறார். நான் நீ பார்த்ததைக் கேட்கிறேன். அதனால் நீ அவரைவிடக் கவனமாக வாசிக்க வேண்டும். சரி, புத்தகத்தை எடு" என்றார்.

நம் கல்லூரியில் பார்வையற்ற மாணவர்கள் பலர் பயில்கிறார்கள். தேர்வு நெருங்கும் காலத்தில் அவர்களுக்கு வாசித்துக் காட்ட ஆள் கிடைப்பது அரிதாயிருக்கிறது. நாளுக்கு ஒரு மணி நேரம் போதும். பெரிய புலமை வேண்டியதில்லை. வரி விடாமல், வேகம் தெரிந்து, தவறினால் தவறிற்று என்று சொல்லும் ஒரு குரல் வேண்டும். பரிசளிப்பு விழாவில் அந்தக் குரலின் பெயரை யாரும் அழைக்கமாட்டார்கள். ஆனால் பரிசு வாங்கப் படியேறுகிறவருக்கு அது யாருடைய குரல் என்று தெரிந்திருக்கும்.