விரைந்த ஷட்டரும் விலகி நின்ற பிளாஷும்

நண்பகலில் மர நிழலில் நிற்பவரைப் படம் எடுத்தல் எளிய செயலன்று. முகம் இருண்டு தோன்ற, பின்னுள்ள திடலோ வெண்மையாய் வெளிறிப்போகும். இக்குறையை நீக்கவே, பிளாஷ் விளக்கைக் காமிராவினின்று பிரித்து ஒருபுறத்தே நிறுத்தி, ரேடியோ டிரிக்கரால் இயக்கும் முறை வழங்கி வருகின்றது. அங்ஙனம் எடுக்குங்கால் ஷட்டரின் வேகத்தை மிகுத்தால் நேரும் இடர் யாது, அதனைக் களையும் வழி யாது என்பனவற்றை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் எமது பிழையையே கூறிவிடுகின்றோம். பல்லாண்டுகள் தோட்ட வேலை செய்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவரை, அவர் நட்டு வளர்த்த மரத்தின் அடியில் நிறுத்திப் படம் எடுத்தோம். பின்னணி மங்கித் தோன்றும் பொருட்டுத் துவாரத்தை அகலத் திறந்தோம். அதனால் மிகுந்து புகும் வெயிலொளியைக் குறைக்க ஷட்டரை 1/500 விநாடிக்கு வைத்தோம். காமிராவின் சிறு திரையில் முகம் நன்கு ஒளிர்வது கண்டு மனநிறைவுற்றோம். பின்னர்ப் பெரிதாக்கிப் பார்க்க, மார்புக்குக் கீழே, மண்வெட்டி பிடித்த அக்கைகள் இருளில் அமிழ்ந்திருந்தன. அதற்குள் அவர் தம் ஊர் சென்றுவிட்டார்.

இப்பிழைக்கு ரேடியோ அலை காரணமன்று. 30 மீட்டர் தொலைவைக் கடக்க அதற்கு ஒரு விநாடியின் கோடியில் ஒரு கூறே போதும். காரணம் ஷட்டரின் அமைப்பே. இக்காலக் காமிராக்கள் பலவற்றில் ஷட்டர் என்பது இரண்டு திரைகளாகும். முதல் திரை விலகி ஒளிக்கு வழி விடும். இரண்டாம் திரை தொடர்ந்து வந்து மூடும். 24 மில்லிமீட்டர் உயரமுள்ள படப்பரப்பை ஒரு திரை கடக்க ஏறக்குறைய 1/250 விநாடி செல்லும் எனக் கொள்வோம். அவ்வேகம் வரையில் பரப்பு முழுதும் திறந்திருக்கும் கணம் ஒன்று உண்டு. பிளாஷின் மின்வெட்டு அக்கணத்தில் நிகழ்ந்தால் படம் முழுமை பெறும். 1/500-இலோ, முதல் திரை பாதி வழி சென்றவுடனே இரண்டாம் திரை புறப்படுதலின், 12 மில்லிமீட்டர் இடுக்கே திறந்திருக்கும். 1/1000-இல் அது 6 மில்லிமீட்டராகும். மறைந்த பகுதியில் பிளாஷின் ஒளி படியாது. லென்சு உருவத்தைத் தலைகீழாக விழச் செய்வதால், மேலிருந்து இறங்கும் திரை படத்தின் அடிப்பகுதியையே முதலில் மறைக்கின்றது. முதியவர் கைகள் இருண்டமை இதனாலேயே.

இதற்கு வழிகள் மூன்று உள. முதலாவது, அதிவேக இணைப்பு முறை. 1980-களின் பிற்பகுதியில் ஒலிம்பஸ் நிறுவனத்தார் இதனை வழக்கிற்குக் கொணர்ந்தனர். இம்முறையில் பிளாஷ் ஒருமுறை மின்னி ஓயாது, இடுக்கு மேலிருந்து கீழ்வரை செல்லும் நேரம் முழுதும் இடைவிடாது துடித்து ஒளிரும். எளிய டிரிக்கர் "எரி" என்னும் ஒரு சொல்லையே அறியும். இதற்கோ காமிராவின் குறிப்பை உணர்ந்து, முதல் திரை அசையுமுன்பே விளக்கை ஏவும் டிரிக்கர் வேண்டும். ஆயின் இதற்கு விலையும் உண்டு. ஒளியின் பெரும்பகுதி திரையின்மேல் விழுந்து வீணாகின்றது. வேகம் இரட்டிக்குந்தோறும் பயன்படும் ஒளி பாதியாகும். சிறு விளக்காயின் அருகே கொணர்தல் வேண்டும். தொலைவு பாதியானால் ஒளி நான்கு மடங்காம்.

இரண்டாவது, லென்சினுள்ளேயே இதழ்போல் விரியும் ஷட்டர். அது பரப்பு முழுவதையும் ஒருங்கே திறத்தலின் 1/500-இலும் இடரின்றிப் பிளாஷுடன் இயங்கும். மூன்றாவது, சாம்பல் நிறக் கண்ணாடியை லென்சின் முன் பொருத்தி, ஷட்டரை 1/250-இலேயே நிறுத்துதல். எட்டில் ஒரு பங்கு ஒளியை மட்டும் விடும் கண்ணாடி, வெயிலைப்போலவே பிளாஷின் ஒளியையும் குறைக்குமாதலின் வலிய விளக்கு வேண்டும்.

நண்பர்காள், புதிய டிரிக்கர் கைக்கு வந்தவுடன், வெண்சுவர் ஒன்றை நோக்கி ஒவ்வொரு வேகத்திலும் படம் எடுத்துப் பாருங்கள். எவ்வேகத்தில் இருள்வரி தோன்றுகின்றதோ அதற்கு முந்தியதே உங்கள் கருவியின் எல்லை. அரை மணி நேரத்துச் சோதனைதான். அதனைச் செய்யாமையால் எமக்கு ஒரு முதியவரின் கைகள் கிட்டாது போயின.