மரம் வளர்ந்தால் வரி இல்லை

2014 முதல் 2018 வரையிலான ஐந்து ஆண்டுகளில் அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட்டின் சொத்து மதிப்பு 2,430 கோடி டாலர் கூடியது. அதே ஐந்து ஆண்டுகளில் அவர் கட்டிய மத்திய வருமான வரி 2.37 கோடி டாலர். கூடிய சொத்தில் 100 டாலருக்குச் சுமார் 10 சென்ட்! புரோபப்ளிகா என்ற செய்தி அமைப்பு இதை 2021இல் வெளியிட்டது. இதில் சட்டமீறல் எதுவும் இல்லை என்பதுதான் வியப்பு. அப்படியானால் இது எப்படி நடந்தது?

விடை ஒரு பழைய வழக்கில் இருக்கிறது. மர்டில் மகோம்பர் என்ற பெண்மணி ஸ்டாண்டர்ட் ஆயிலின் கலிஃபோர்னிய நிறுவனத்தில் 2,200 பங்குகள் வைத்திருந்தார். நிறுவனம் பணத்துக்குப் பதிலாக மேலும் 1,100 பங்குகளைக் கொடுத்தது. அரசு வரி கேட்டது. 1920இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் மறுத்தது. மரம் எவ்வளவு வளர்ந்தாலும் வரி இல்லை, காயைப் பறித்தால்தான் வரி என்பது போன்ற தீர்ப்பு அது. விற்காத பங்கின் விலையேற்றத்தைப் பொருளியலில் ‘கைக்கு வராத ஆதாயம்’ எனலாம். வருமான வரிப் படிவத்தில் அதற்கு இடமே இல்லை.

சம்பளக்காரருக்கு இந்த வசதி கிடையாது. அவருடைய வரி, சம்பளம் கைக்கு வருமுன்பே பிடிக்கப்பட்டுவிடும். பஃபெட்டின் செல்வமோ பெர்க்‌ஷயர் ஹாதவே பங்குகளாக இருக்கிறது. அந்த நிறுவனம் அவர் பொறுப்பேற்ற பிறகு ஈவுத்தொகை கொடுத்தது ஒரே ஒரு முறை, 1967இல். லாபம் உள்ளேயே தங்குகிறது, பங்கு விலை ஏறுகிறது, படிவத்தில் ஏற வேண்டிய வருமானம் மட்டும் ஏறுவதில்லை.

சரி, விற்காமல் செலவுக்கு என்ன செய்வது? கடன் வாங்கலாம். கடன் திருப்பித் தர வேண்டிய பணம், ஆகவே வருமானம் ஆகாது. 1 கோடி டாலருக்கு வாங்கிய பங்கு 100 கோடி ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 கோடிக்கு விற்றால் மத்திய வரியாகவே சுமார் 2.36 கோடி போய்விடும். பங்கை ஈடு வைத்து 10 கோடி கடன் வாங்கினால் வட்டி மட்டுமே செலவு. வட்டியைவிடப் பங்கு வேகமாக வளர்ந்தால் கடனையும் சுமந்துகொண்டே செல்வம் பெருகும்.

இனிதான் உச்சக்கட்டம். உரிமையாளர் இறந்ததும் பங்கின் அடக்க விலை, அதாவது ஆதாயத்தைக் கணக்கிட அடிப்படையாகும் கொள்முதல் விலை, இறந்த நாளின் சந்தை விலைக்கு உயர்ந்துவிடுகிறது. 1 கோடி என்பது ஒரே இரவில் 100 கோடி! வாரிசு மறுநாளே விற்றாலும் ஆதாயம் பூஜ்யம். அந்தப் பணத்தில் கடனை அடைக்கலாம். 99 கோடி டாலர் ஆதாயம் வருமான வரியின் கண்ணில் படாமலே கரைந்துவிட்டது. சட்டப் பேராசிரியர் எட்வர்ட் மக்காஃபரி இந்த மூன்று படிகளுக்கு வைத்த பெயர்: வாங்கு, கடன் வாங்கு, இறந்துபோ.

பெரும் சொத்துகளுக்கு 40 சதவீத மரணவரி உண்டே என்று கேட்கலாம். அதைக் கரைக்கவும் அறக்கட்டளை உத்திகள் இருக்கின்றன. பங்குகளை ஓர் அறக்கட்டளையில் போட்டு, போட்ட மதிப்பை அரசு குறிக்கும் வட்டியுடன் சில ஆண்டுகளில் தவணையாகத் திரும்பப் பெற்றுக்கொள்வது ஓர் உத்தி. அந்த வட்டியைத் தாண்டிய வளர்ச்சி முழுவதும் கொடை வரி ஏதுமின்றிப் பிள்ளைகளுக்குப் போகும்.

ஆனால் அமெரிக்காவின் மொத்த மத்திய வருமான வரியில் ஏறக்குறைய 40 சதவீதத்தைக் கட்டுவது வருமானத்தில் மேலே இருக்கும் 1 சதவீதத்தினர். இதுவும் உண்மைதான். முரண்பாடு எங்கே? வகுக்கும் எண்ணில். பெரும் சம்பளம் வாங்கும் மருத்துவரும் வழக்கறிஞரும் அந்த 1 சதவீதத்தில் அடங்குவர். அவர்களுடைய வருமானம் படிவத்தில் தெரியும். செல்வத்தில் உச்சியிலுள்ள 25 பேருக்கு வரியைச் சொத்து வளர்ச்சியால் வகுத்த புரோபப்ளிகாவுக்குக் கிடைத்த விடை 3.4 சதவீதம்.

கைக்கு வராத ஆதாயத்துக்கு அமெரிக்க நாடாளுமன்றம் வரி போடலாமா? 2024இல் மூர் வழக்கில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றத்தின் வாசல் வரை வந்தது. நீதிபதிகள் வழக்கை வேறு காரணத்தால் தீர்த்துவிட்டு இதற்கு விடை சொல்லாமல் விட்டார்கள். எது வருமானம் என்று வரையறுப்பவர் கையில்தான் யாருடைய பங்கு நியாயம் என்ற தீர்ப்பும் இருக்கிறது.