நாளைய தொழில்முறைப் பலகைக் கணினி: நம்பிக்கைகளும் வாதங்களும்

கற்பலகையைக் கையில் ஏந்திப் பள்ளிக்குச் சென்றவர்கள் நம்மிடையே இன்றும் பலர் உள்ளனர். ஏறக்குறைய அதே அளவும் அதே வடிவமும் கொண்ட மின்னணுச் சாதனம் ஒன்று இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. ‘டேப்லெட்’ என வழங்கும் இதனைப் பலகைக் கணினி என்று கூறலாம். விரலாலோ மின்பேனாவாலோ திரையைத் தொட்டே இயக்கத்தக்க இச்சாதனம் படம் பார்ப்பதற்கும் செய்தி படிப்பதற்கும் ஏற்றது என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால், ஒருவர் தமது அன்றாடத் தொழிலை முழுவதும் இதனைக் கொண்டே செய்ய இயலுமா என்று கேட்கும்போதுதான் வாதங்கள் தொடங்குகின்றன.

இவ்வினாவுக்கு விடையாகவே, ‘தொழில்முறை’ என்ற அடைமொழியுடன் விலை உயர்ந்த பலகைக் கணினிகள் சந்தைக்கு வந்துள்ளன. இவற்றின் தயாரிப்பாளர்கள் மனத்தில் கொண்டுள்ள தொழிலாளர் பெரும்பாலும் ஓவியர், திரைப்படத் தொகுப்பாளர், கட்டடக் கலைஞர் ஆகியோரே. நம் நாட்டிலோ, பலகைக் கணினியைத் தொழிலுக்காகக் கையில் ஏந்துவோர் கணக்கெடுப்பாளரும் நில அளவரும் கிராமச் செவிலியரும் ஆசிரியரும் ஆவர். அடுத்த தலைமுறைக் கருவி எவருடைய தொழிலை அளவுகோலாகக் கொண்டு அமையப்போகிறது என்பதே இவ்வாதங்களுக்கெல்லாம் அடிப்படை.

கருத்து வளர்ந்த வரலாறு

பலகையில் எழுதிக் கணினிக்குச் செய்தி உணர்த்தும் முறை புதியதன்று. 1964ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ராண்டு ஆராய்ச்சி நிலையத்தில், 10 அங்குலச் சதுரப் பலகை ஒன்று அமைக்கப்பட்டது. அதன் அடியில் பரப்பிய நுண்ணிய கம்பி வலை, பேனாவின் முனை நிற்கும் இடத்தை 10 லட்சத்திற்கு மேற்பட்ட புள்ளிகளுள் ஒன்றாகப் பகுத்தறிந்தது. ஆனால் அப்பலகையில் திரை இல்லை. எழுதியது வேறொரு கண்ணாடித் திரையில் தோன்றியது.

திரையும் கணினியும் ஒன்றாய் இணைந்து, புத்தகம்போல் எடுத்துச் செல்லத்தக்க ஒரு சாதனத்தை ஆலன் கே என்னும் விஞ்ஞானி 1972ஆம் ஆண்டில் விவரித்தார். ‘டைனாபுக்’ எனப் பெயரிடப்பட்ட அது குழந்தைகளின் கல்விக்கென்றே எண்ணப்பட்டது என்பது ஆசிரியர்கள் கருதத்தக்கது. எனினும், அதனை உருவாக்கும் தொழில்நுட்பம் அந்நாளில் இல்லை. 1989ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கிரிட்பேட்’ என்ற கருவி சுமார் 2 கிலோ எடையுள்ளது; வெளியிடங்களில் பணிபுரிவோர் படிவங்களை நிரப்புவதற்கு அது பயன்பட்டது. ஆகவே, விற்பனைக்கு வந்த முதற் பலகைக் கணினிகளுள் ஒன்று களப் பணியாளரையே நாடி வந்தது எனலாம்.

2010ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபேட் வெளிவந்தபின் இச்சாதனம் இல்லங்களில் புகுந்தது. 2015ஆம் ஆண்டில் அந்நிறுவனமே மின்பேனாவுடன் கூடிய ‘ஐபேட் புரோ’வை வெளியிட்டது. அதன் பெரிய மாதிரி 6.9 மில்லிமீட்டர் தடிப்பும் 713 கிராம் எடையும் கொண்டது. 2024ஆம் ஆண்டின் 13 அங்குல மாதிரியில் தடிப்பு 5.1 மில்லிமீட்டராகவும் எடை 579 கிராமாகவும் குறைந்தன. மெலிவும் வேகமும் வளர்ந்துள்ளன என்பதில் ஐயமில்லை.

யந்திரத்தின் வலிமையும் அதனை ஆளும் முறையும்

2021ஆம் ஆண்டில், மேசைக் கணினிகளுக்கு உரிய எம்1 என்னும் சில்லே ஐபேட் புரோவிலும் பொருத்தப்பட்டது. அப்போது ஒரு முறையீடு வலுவாக எழுந்தது. சில்லு மேசைக் கணினிக்கு உரியதாயினும், இயக்க முறைமை கைப்பேசியிலிருந்து வளர்ந்ததாகையால், பல சாளரங்களை விரும்பியவாறு திறந்து வைப்பதும் கோப்புகளைத் தாராளமாகக் கையாளுவதும் இயலவில்லை என்பதே அம்முறையீடு. 2025ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த ஐபேட் இயக்க முறைமை 26, சாளரங்களை வேண்டிய அளவில் மாற்றியமைக்கவும் மேற்பட்டியலிலிருந்து கட்டளைகளைத் தேர்ந்தெடுக்கவும் வசதி அளித்தது. குறையின் ஒரு பகுதி இதனால் நீங்கியது.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எதிர்வழியில் சென்றது. மேசைக் கணினியின் முறைமையையே பலகைக்குக் கொண்டுவர அது முயன்றது. 2012ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சர்ஃபேஸ் ஆர்டி’ என்னும் பலகைக் கணினி, தோற்றத்தில் பழைய முறைமையை ஒத்திருந்தும், மக்கள் ஏற்கெனவே பயன்படுத்திவந்த நிரல்களை ஏற்று இயக்கவில்லை. மறு ஆண்டிலேயே அந்நிறுவனம் 90 கோடி டாலர் இழப்பைக் கணக்கில் காட்ட நேர்ந்தது. பழைய நிரல்களையும் இயக்கவல்ல ‘சர்ஃபேஸ் புரோ’ வரிசையோ நிலைபெற்றது.

இவ்விரு வரலாறுகளும் ஒரே பாடத்தைப் புகட்டுகின்றன. தொழில் செய்வோன் வேகத்தை மட்டும் வாங்குவதில்லை. தான் செய்து பழகிய வேலை தடையின்றி நடைபெறுவதையே வாங்குகிறான்.

நம் நாட்டின் அனுபவம்

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சார்ந்த பேராசிரியர்களும் பொறியாளர்களும் சேர்ந்து 2001ஆம் ஆண்டில் ‘சிம்ப்யூட்டர்’ என்ற கைக்கணினியின் முன்மாதிரியை வெளியிட்டனர். இந்திய மொழிகளில் எழுத்தைப் பேச்சாக ஒலிக்கும் ஆற்றலும், ஒரே கருவியைப் பலர் தத்தம் அட்டைகளைச் செருகிப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடும் அதன் சிறப்புகள். எதிர்பார்த்த அளவுக்கு அது பரவவில்லை. எனினும், கிராமத்து மனிதரையே முதல் உபயோகிப்பாளராக வைத்து ஒரு கருவியை வடிவமைத்த பெருமை அதற்கு உண்டு.

2011ஆம் ஆண்டு அக்டோபரில் மாணவர்களுக்கென ‘ஆகாஷ்’ அறிமுகமாயிற்று. 7 அங்குலத் திரை, 366 மெகாஹெர்ட்ஸ் சில்லு, 256 மெகாபைட் நினைவகம் ஆகியவை அதன் உறுப்புகள். விலை மிகக் குறைவு. ஆனால், அழுத்தினாலன்றி உணராத திரையும் மெதுவான இயக்கமும் குறைகூறலுக்கு உள்ளாயின. அடுத்த ஆண்டில் திருத்திய மாதிரி வெளிவந்தது. விலை குறைந்திருப்பது மட்டும் போதாது என்பது இதனால் விளங்கியது.

அதே 2011ஆம் ஆண்டில் தொடங்கிய சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பு வேறு வகையில் நடைபெற்றது. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் வழங்கிய சுமார் 6 லட்சத்து 40 ஆயிரம் கையடக்கக் கருவிகளைக் கொண்டு, காகிதமின்றி வீடு வீடாக விவரங்கள் பதிவு செய்யப்பட்டன. ஒவ்வொரு கணக்கெடுப்பாளருடனும் விவரம் பதிவோர் ஒருவரும் சென்றார். 2017ஆம் ஆண்டில் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் ஆய்விலும் பலகைக் கணினிகள் பயன்படுத்தப்பட்டன. பதிவு செய்யும்போதே முரண்பட்ட விடைகளைக் கருவி சுட்டிக்காட்டுவதால், பிழைகளை அவ்விடத்திலேயே திருத்த இயலும். காகிதப் படிவத்தால் இதனைச் செய்ய முடியாது.

மறுபுறம், 2027 மார்ச் முதல் தேதியை ஆதாரமாகக் கொண்டு அறிவிக்கப்பட்ட மக்கள் தொகைக் கணக்கெடுப்பு, கைப்பேசிச் செயலி வாயிலாக நடைபெறுமாறு திட்டமிடப்பட்டது. ஆதலால், எல்லாக் களப் பணிக்கும் பலகைக் கணினியே வேண்டும் என்று கூறுவதற்கில்லை. நீண்ட படிவம், வரைபடம், கையெழுத்து, ஒரே சமயத்தில் பலர் நோக்க வேண்டிய படம் ஆகியவற்றுக்கே பெரிய திரை அவசியமாகிறது.

வெயிலும் வெப்பமும்

களப் பணியாளருக்கு முதற்பகை வெயில். திரையின் ஒளிர்வை ‘நிட்’ என்னும் அலகால் அளப்பர். 2024ஆம் ஆண்டின் ஐபேட் புரோவில், ஒளி உமிழும் இரு அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்து, திரை முழுவதும் 1,000 நிட் ஒளிர்வு பெறும்படி செய்துள்ளனர். இது பெரிய முன்னேற்றமே. ஆனால், உச்சி வெயிலில் வைத்த வெள்ளைக் காகிதத்தின் ஒளிர்வு சுமார் 25,000 நிட் ஆகும். வெள்ளைச் சட்டை அணிந்த ஒருவர் வெயிலில் நின்று திரையை நோக்குவாராயின், அவருடைய சட்டையும் ஏறத்தாழ அவ்வளவு ஒளிரும். சாதாரணக் கண்ணாடிப் பரப்பு தன்மீது விழும் ஒளியில் நூற்றுக்கு 4 பங்கைத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே, அச்சட்டையின் பிம்பமே சுமார் 1,000 நிட் ஒளிர்வுடன் திரையில் தோன்றும். எழுத்து அதனுள் மறையும். பிரதிபலிப்பைக் குறைக்கும் கண்ணாடி உண்டு. எனினும், மேற்கூறிய மாதிரியில் அது விலை உயர்ந்த வகைகளுக்கு மட்டுமே அளிக்கப்பட்டது.

வெயிலோடு போட்டியிடாமல் அதனையே துணைக்கொள்ளும் வழியும் உண்டு. மின்தாள் எனப்படும் திரையில், மின்னேற்றம் பெற்ற கருமை, வெண்மைத் துகள்கள் இடம் மாறி எழுத்தைக் காட்டுகின்றன. காகிதம்போல் வெளிச்சம் மிக மிக அது தெளிவாகத் தெரியும். காட்சி மாறும்போது மட்டுமே மின்சாரம் செலவாகும். நிறங்களின் மங்கலும் மாற்றத்தின் தாமதமும் அதன் குறைகள். படிவம் நிரப்புவோருக்கு இவை பெருங்குறைகள் அல்ல.

அடுத்தது வெப்பம். ஐபேட் போன்ற கருவிகள் 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூழலில் இயங்குவதற்கென அமைந்தவை. ராஜஸ்தானத்தின் பலோடியில் 2016ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் 51 டிகிரி பதிவாயிற்று. கருவி மிகச் சூடேறினால், தன்னைக் காத்துக்கொள்ளத் திரையின் ஒளிர்வைத் தானே குறைத்துக்கொள்கிறது. ஒளிர்வு மிகத் தேவைப்படும் வேளையிலேயே அது குறைவது களப் பணிக்கு இடையூறாகும். லித்தியம் மின்கலமும் வெப்பத்தில் விரைந்து மூப்படையும்.

பேனாவும் எழுத்தும்

மின்பேனாவின் தாமதம் 2019ஆம் ஆண்டில் 20 மில்லிவினாடியிலிருந்து 9 மில்லிவினாடியாகக் குறைந்ததென ஆப்பிள் நிறுவனம் அறிவித்தது. பலகையின் அடியிலுள்ள கம்பி வலையிலிருந்தே ஆற்றல் பெறும், மின்கலம் தேவைப்படாத பேனாக்களும் உள்ளன. பல பேனாக்களை நாள்தோறும் மின்னேற்ற வேண்டாமையால், பள்ளிகளுக்கு இவை பெரிதும் ஏற்றவை.

2024ஆம் ஆண்டில் நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர்கள், 36 பல்கலைக்கழக மாணவர்கள் தொடுதிரையில் மின்பேனாவால் எழுதும்போதும் விசைப்பலகையில் தட்டும்போதும் மூளையில் நிகழும் மின்மாற்றங்களை ஒப்பிட்டு வெளியிட்டனர். கையால் எழுதும்போது மூளையின் பகுதிகளிடையே தொடர்பு விரிவாக இருந்தது. 36 பேரைக் கொண்டு முடிந்த முடிபு கூற இயலாது; ஆயினும், பலகைக் கணினியின் பயனை அறியப் பேனாவையும் நோக்கவேண்டும் என்பதற்கு இது சான்று.

நம் எழுத்துகளுக்கென ஒரு தனிச் சிக்கல் உண்டு. ‘கொ’ என்று எழுதுவோர் முதலில் ஒற்றைக் கொம்பையும், பின்னர் ககரத்தையும், இறுதியில் காலையும் இடுகின்றனர். கணினியோ ககரத்தை முதலிலும் உயிர்க்குறியைப் பின்னரும் சேமிக்கிறது. இந்தியின் குறில் இகரக் குறியும் இவ்வாறே மெய்க்கு இடப்புறம் நிற்பது. கை செல்லும் வரிசையும் சேமிப்பின் வரிசையும் வேறானதால், கையெழுத்தை அறியும் நிரல் நம் மொழிகளுக்கெனத் தனியே பயிற்றுவிக்கப்பட வேண்டும். ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் பிழையின்றி எழுத இயலாத கருவி, எவ்வளவு விரைவாயினும் நம் பணிக்குத் தொழில்முறைக் கருவி ஆகாது.

மெலிவா, நீண்ட ஆயுளா?

மெல்லிய கருவியில் உறுப்புகள் பசையால் ஒட்டப்படுவது வழக்கம். அதனால் மின்கலத்தை மாற்றுவது கடினம். இதற்கு மறுமொழியாக ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் கைப்பேசிகளுக்கும் பலகைக் கணினிகளுக்கும் விதிகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 800 முறை மின்னேற்றிய பின்னரும் மின்கலம் தன் கொள்ளளவில் நூற்றுக்கு 80 பங்கைத் தக்கவைத்தல் வேண்டும். முக்கிய உதிரி உறுப்புகள் விற்பனை நின்றபின் 7 ஆண்டுகள் கிடைத்தல் வேண்டும். இயக்க முறைமையின் திருத்தங்கள் குறைந்தது 5 ஆண்டுகள் தொடர்தல் வேண்டும். மெலிவையே புதுமை எனக் கருதும் போக்குக்கு இவ்விதிகள் ஒரு வரம்பாகும். விதிகள் விலையை உயர்த்தும் என்போரும் உளர். ஆனால், 3 ஆண்டில் கழிக்கப்படும் கருவியை 6 ஆண்டு உபயோகிக்க முடியுமானால், ஆண்டுக்கு ஆகும் செலவு பாதியாகும் என்பதை எந்தக் கணக்கரும் ஒப்புவர்.

நாம் கேட்க வேண்டியவை

புதிய கருவி அலுவலகத்திற்கோ பள்ளிக்கோ வரும்போது, அதன் சில்லின் பெயரைக் கேட்பதற்குமுன் சில எளிய சோதனைகளைச் செய்து பார்க்கலாம். நண்பகலில் திறந்த வெளியில் ஒரு படிவத்தைப் படித்து நிரப்ப இயலுகிறதா? இணையத் தொடர்பு இல்லாத இடத்தில் பதிந்த விவரம் அழியாமல் நின்று, தொடர்பு கிடைத்ததும் சென்று சேர்கிறதா? உள்ளூர் மொழியில் பேனாவால் எழுதியது சரியாக ஏற்கப்படுகிறதா? பதிந்த கோப்பை வேறொரு கணினியில் தடையின்றித் திறக்க முடிகிறதா? மின்கலம் மாற்றத்தக்கதா? மாவட்டத் தலைநகரிலேனும் பழுது நீக்குவோர் உளரா?

இவற்றின் விடைகளை எழுதி மேலதிகாரிகளுக்கு அனுப்புவது களப் பணியாளரின் கடமையாகக் கருதப்படுதல் வேண்டும். கொள்முதல் விதிகளை வகுப்போர் காண்பது விலைப்பட்டியலை. கருவியுடன் வயல்வரப்பில் நடப்போரே அதன் குணத்தை அறிவர். ஆசிரியர்களும் தத்தம் வகுப்பில் எந்தப் பாடத்திற்குப் பலகைக் கணினி உதவிற்று, எதற்குக் கரும்பலகையே போதுமாயிருந்தது என்பதைக் குறித்துவருவது நலம். அடுத்த தலைமுறைக் கருவியைப் பற்றிய வாதத்தில் இதுகாறும் ஓவியரின் குரலும் திரைப்படத் தொகுப்பாளரின் குரலும் மிகுதியாகக் கேட்டுள்ளன. வெயிலில் நிற்போரின் குறிப்புகளும் அதனுடன் சேருமாயின், நாளைய பலகை நமது தொழிலுக்கும் உரியதாக அமையும்.