நெஞ்சில் அடிபட்ட பின் தோல் உப்புகிறதா? தேய்க்காதீர்கள்!



செம்பனைக் குலை மேலே விழுந்தோ, மோட்டார் சைக்கிள் செம்மண் ரோட்டில் சறுக்கியோ நெஞ்சில் அடிபடுவது நம் தோட்டங்களில் நடக்கிற காரியம். "விலா வலிக்குது" என்பார்கள். சில பேருக்கு வலியோடு இன்னொன்றும் வரும். அடிபட்ட பக்கத்து நெஞ்சு, தோள், கழுத்து எல்லாம் உப்பத் தொடங்கும். வீட்டில் இருப்பவர்கள் "ரத்தக்கட்டு" என்று நினைத்து எண்ணெய் போட்டு உருவி, ஒத்தடம் கொடுத்து, காலையில் பெரட்டுக்கும் அனுப்பி விடுவார்கள். இது ஆபத்து.

அந்த வீக்கம் ரத்தம் கட்டியதுதானா என்று பார்க்க ஒரு வழி உண்டு. விரல் நுனியால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். பொரியைத் துணியில் முடிந்து அழுத்தினால் மொறுமொறு என்று இருக்குமே, அப்படி இருந்தால் உள்ளே இருப்பது காற்று. ரத்தக்கட்டு இப்படி நொறுங்காது. ஒரு தடவை தொட்டுப் பார்த்தால் போதும். திரும்பத் திரும்ப அழுத்த வேண்டாம்.

தோலுக்கு அடியில் காற்று எப்படி வந்தது? நுரையீரல், சைக்கிள் டயருக்குள் இருக்கும் டியூப் மாதிரி. விலா எலும்பு உடைந்தால் அதன் முனை நுரையீரலைக் குத்திவிடலாம். ஓட்டை வழியாகக் கசியும் காற்று முதலில் நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவில் சேரும். சுவரின் உள்பக்கமும் கிழிந்திருந்தால் அங்கிருந்து தோலுக்கு அடியில் பரவும். கழுத்து, முகம் வரைக்கும் ஏறும். கண் இமை உப்பிக் கண் திறக்க முடியாமல் போகலாம். குரலும் மாறலாம்.

பார்க்கப் பயமாக இருந்தாலும், தோலுக்கு அடியில் இருக்கிற காற்று பெரும்பாலும் கெடுதல் செய்யாது. "உள்ளே நுரையீரல் ஓட்டையாகி இருக்கிறது" என்று அது நமக்குச் சொல்லும் சேதிதான் முக்கியம். நெஞ்சுக்குள் காற்று சேர்ந்துகொண்டே போனால் நுரையீரல் சுருங்கிவிடும். பிறகு இதயத்தையும் நெருக்கும். மூச்சு வாங்குவது கூடிக்கொண்டே போனால், உதடு நீலம் பாய்ந்தால், குளிர்ந்த வியர்வை கொட்டினால், புத்தி தடுமாறினால், அங்கே கணக்கு நிமிஷத்தில்தான். 999-க்கு அழையுங்கள்.

வண்டி வரும் வரை செய்ய வேண்டியவை:

1. ஆளைச் சாய்ந்த மாதிரி உட்கார வையுங்கள். நடக்க விடாதீர்கள்.

2. நெஞ்சைத் துணியால் இறுக்கிக் கட்டாதீர்கள். மூச்சு விடுவது இன்னும் சிரமமாகும்.

3. எண்ணெய், ஒத்தடம் வேண்டாம். ஊசியால் குத்திக் காற்றை எடுக்கவும் பார்க்காதீர்கள்.

4. ஏதாவது குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். புண் இருந்தால் பிளாஸ்டிக்கால் காற்றுப் புகாமல் மூடாதீர்கள். ரத்தம் வழிந்தால் சுத்தமான துணியை வைத்துப் பிடியுங்கள்.

5. சாப்பாடு, காப்பி எதுவும் கொடுக்க வேண்டாம்.

தோட்டத்து டிரசரிடம் எக்ஸ்ரே கிடையாது. ஆகவே பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். கசிவு சின்னதாக இருந்தால் ஆக்சிஜன் கொடுத்துக் கவனித்துக்கொண்டு இருப்பார்கள். பெரிதாக இருந்தால் அக்குள் பக்கம், விலாவின் நடுவே மரத்துப்போக ஊசி போட்டு ஒரு குழாயை விடுவார்கள்.

"நெஞ்சில் ஓட்டை போடுறாங்களாம்" என்று பயந்து, சொந்தப் பொறுப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். குழாயின் மறுமுனை ஒரு போத்தலில் தண்ணீருக்குள் மூழ்கி இருக்கும். நெஞ்சுக் காற்று குமிழி விட்டு வெளியே போகும். தண்ணீர் இருப்பதால் வெளிக்காற்று திரும்ப உள்ளே போக முடியாது. குமிழி வந்தால் காற்று வெளியேறுகிறது என்று அர்த்தம். மூச்சுக்குத் தக்கபடி தண்ணீர் ஏறி இறங்குவதும் சகஜம்தான்.

பக்கத்தில் இருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. போத்தல் எப்போதும் நோயாளியின் நெஞ்சுக்குக் கீழே இருக்க வேண்டும். கட்டில் மேலே தூக்கி வைக்காதீர்கள். குழாய் மடங்காமல் பாருங்கள். கழன்றால் உடனே தாதியைக் கூப்பிடுங்கள்.

ஓட்டை ஆறியதும் தோலுக்கு அடியில் உள்ள காற்றை உடம்பே இழுத்துக்கொள்ளும். சில நாளில் வீக்கம் வற்றும். சிலருக்கு இரண்டு வாரம் வரை ஆகலாம். வலி மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள். வலிக்குப் பயந்து மூச்சை அடக்கினால் சளி தங்கி நிமோனியா வரும். ஆழமாக மூச்சு இழுங்கள், நன்றாக இருமுங்கள். சிகரெட் வேண்டாம். டாக்டர் சொல்லும் வரை விமானப் பயணமும் வேண்டாம்.

"படுத்தால் சம்பளம் போகுமே" என்ற கவலைக்கும் வழி இருக்கிறது. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்தது சொக்சோ. வேலையில் அடிபட்டு 4 நாளுக்குக் குறையாமல் மருத்துவ விடுப்பு கிடைத்தால், சராசரி நாள் சம்பளத்தைக் கணக்கிட்டு 80 சதவீதம் தருவார்கள். 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. விபத்துச் செய்தி கிடைத்த 48 மணி நேரத்துக்குள் நிர்வாகம் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆகவே அடி சின்னதோ பெரிதோ, அன்றைக்கே மண்டோரிடமும் டிரசரிடமும் சொல்லிப் பதிந்து வையுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.