நலவாரிய அட்டை: ‘நிராகரிக்கப்பட்டது’ என்று வந்தால் அடுத்து என்ன?

நாள் கூலிக்குப் போகிறவர்களுக்கு, அரசு அலுவலகத்துக்கு ஒருமுறை போய் வருவது என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு என்று அர்த்தம். அந்த அலைச்சலைக் குறைக்கத்தான் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியப் பதிவு ஆன்லைனுக்கு வந்தது. ஆனால், கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர், பெயின்டர் எனப் பலரைக் கேட்டால், வரிசை மட்டும்தான் மாறியிருக்கிறது என்பார்கள். முன்பு அலுவலக வாசலில் நின்றார்கள். இப்போது கம்ப்யூட்டர் சென்டர் வாசலில் நிற்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இந்த வாரியம் 1994-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு, விபத்து, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் என உதவிகள் பல. அவற்றை வாங்க உறுப்பினர் அட்டை வேண்டும். இது இலவசமும் அல்ல, சலுகையும் அல்ல. கட்டடச் செலவில் 1 சதவிகிதம் தொழிலாளர் நல நிதியாக வசூலிக்கப்படுகிறது. அந்தத் தொழிலாளர்களின் உழைப்பை வைத்துச் சேர்ந்த பணம் அது.

எங்கே சிக்குகிறது?

ஆதாரில் ஒரு இனிஷியல், ரேஷன் கார்டில் வேறு இனிஷியல். ஓ.டி.பி போவதோ எப்போதோ தொலைத்த பழைய நம்பருக்கு. எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி, பணிச் சான்று. கடந்த 12 மாதங்களில் 90 நாள்களாவது கட்டுமான வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது விதி. வாரத்துக்கு ஒரு மேஸ்திரியிடம் வேலை பார்ப்பவருக்கு, அதை யார் எழுதிக் கொடுப்பார்கள்?

தப்பு இருந்தால் திருத்தலாம். எது தப்பு என்று சொன்னால்தானே திருத்த முடியும்? திரையில் ‘நிராகரிக்கப்பட்டது’ என்ற ஒற்றை வார்த்தையைப் பார்த்துவிட்டு போன் போட்டால், ரிங் போய்க்கொண்டே இருக்கும். எடுத்தாலும், ‘மறுபடியும் அப்ளை பண்ணுங்க’ என்பதுதான் பதில். ஒவ்வொரு முறையும் ஸ்கேன் செய்யக் காசு, ஒரு நாள் லீவு. புரோக்கர்கள் உள்ளே நுழைவதும் இந்த இடைவெளியில்தான்.

தாமதத்தின் விலை

18 வயது முடிந்து 60 நிறையாதவர்கள் மட்டுமே பதிவு செய்யலாம். 60-க்குப் பிறகும் பலன்களைப் பெற, அதற்கு முந்தைய 3 ஆண்டுகள் தொடர்ச்சியாக உறுப்பினராக இருந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். 56 வயதைத் தாண்டிய கொத்தனார் ஒருவரை நினைத்துப் பாருங்கள். 57 முடிவதற்குள் பதிவு நடந்தாக வேண்டும். இரண்டு, மூன்று நிராகரிப்புகளில் சில மாதங்கள் போய்விட்டால், வயதான காலத்துக்கான உரிமையே கைவிட்டுப் போகலாம்.

இத்தனைக்கும், விண்ணப்பதாரர் தரப்பைக் கேட்காமல் மனுவை நிராகரிக்கக் கூடாது என்று 1996-ம் ஆண்டு கட்டுமானத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். 30 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யவும் அதில் வழி இருந்தது. காரணம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

என்ன செய்யலாம்?

* விண்ணப்ப எண்ணை எழுதி வையுங்கள். நிராகரிப்பு வந்த திரையை அந்தத் தேதியிலேயே பிரின்ட் எடுங்கள்.

* பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் எல்லா ஆவணங்களிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று முதலிலேயே பாருங்கள். கையில் இருக்கும் செல்போன் நம்பரையே கொடுங்கள்.

* காரணம் தெரியவில்லை என்றால், மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். மனுவின் நகலில் சீல் வாங்க மறக்காதீர்கள்.

* பதில் இல்லையா? 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணில் புகார் செய்யலாம். 2005-ம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் கேள்வி கேட்டால், 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும்.

உங்கள் வீட்டில் வேலை நடக்கிறதா? சாந்து கலக்கும் அக்காவிடம், அட்டை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஓய்வு நேரத்தில் உங்கள் செல்போனிலேயே ஆவணங்களைப் படம் எடுத்து, விண்ணப்பத்தை நிரப்ப உதவினால், அவருக்கு ஒரு நாள் கூலி மிச்சம்.