பார்லிமெண்டில் கேட்கும் கேள்வியும் நம் வயலும் தறியும்

சங்கத்தின் பொது மகாசபையில் ஓர் அங்கத்தினர் எழுந்து, "நிர்வாகம் எவ்வாறு நடைபெறுகிறது?" என்று வினவினால், "நன்கு நடைபெறுகிறது" என்பதே விடையாக வரும். "மார்ச்சு முடிவில் நூல் இருப்பு குறைந்தது ஏன்?" என்று கேட்டாலோ, கணக்குப் புத்தகத்தைத் திறந்தே தீரவேண்டும். டில்லிப் பார்லிமெண்டின் கேள்வி நேரமும் இத்தகையதே. எரிசக்தி, பருவநிலை மாற்றம் ஆகியவை பற்றி அங்கே எழும் கேள்விகளை நம் அங்கத்தினர்கள் கவனித்து வருதல் நலம்.

லோக் சபையில் நாள் ஒன்றுக்கு மந்திரி வாய்மொழியாக விடை கூற 20 கேள்விகளும், எழுத்து மூலம் விடையளிக்க 230 கேள்விகளும் பட்டியலில் இடம்பெறுகின்றன. பதினைந்து நாள் முன்னறிவிப்பு வேண்டும். கேள்வி 150 சொற்களுக்கு மிகாமல் இருத்தல் வேண்டும். மந்திரியின் அபிப்பிராயத்தைக் கேட்டல் கூடாது, தகவலையே கேட்கலாம். இவ்விதி நமக்கு அனுகூலமானது என்பது என் கருத்து. அபிப்பிராயத்தினால் விவசாயிக்கு யாது பயன்?

பருவநிலை பற்றி விவசாய மந்திரிகள் சபைக்குப் பன்முறை அளித்துள்ள விடையொன்று நம்மவர் மனத்தில் பதியவேண்டியது. தக்க ஏற்பாடுகள் செய்யாவிடின், மானாவாரி நெல்லின் விளைச்சல் 2050 இல் 20 சதவிகிதமும், 2080 இல் 47 சதவிகிதமும் குறையக்கூடும். பாசன நெல்லில் இக்குறைவு முறையே 3.5, 5 சதவிகிதமே. மக்காச்சோளத்திற்கோ 18, 23 சதவிகிதம். திருமழபாடியில் கொள்ளிடத்து நீரை நம்பி நெல் பயிரிடுபவருக்கும், வடக்கே மேட்டு நிலங்களில் மழையை நோக்கி மக்காச்சோளமும் பருத்தியும் விதைப்பவருக்கும் ஒரே மாவட்டத்தில் எத்துணை வேற்றுமை! நாட்டின் 651 விவசாய மாவட்டங்களுள் 310 பருவநிலைக் கேட்டிற்கு எளிதில் உள்ளாகக் கூடியவை என்றும், அனைத்து மாவட்டங்களுக்கும் அவசர காலப் பயிர்த் திட்டம் தயாரிக்கப்பட்டுள்ளது என்றும் சபையில் தெரிவிக்கப்பட்டுள்ளது. அரியலூர் மாவட்டத் திட்டத்தின்படி மாற்று விதை எவ்வளவு, எந்தத் தேதியில் வழங்கப்பட்டது என்பதே நாம் கேட்கவேண்டியது.

எரிசக்தி விஷயமோ நம் மண்ணையே தொடுகிறது. நிலக்கரி முதலியன அல்லாத வகையில் 2030 க்குள் 5 லட்சம் மெகாவாட் மின்சக்தித் திறன் பெறுவதாக 2021 இல் கிளாஸ்கோ மாநாட்டில் பாரதப் பிரதமர் அறிவித்தார். ஆயினும் 2023 மார்ச்சு இறுதியில் நிலக்கரி இலாகா ஏலத்திற்கு அறிவித்த பகுதிகளுள் நம் மாவட்டத்து மைக்கேல்பட்டியும், தஞ்சையின் வடசேரியும், கடலூர் மாவட்டத்துச் சேத்தியாத்தோப்பின் கிழக்குப் பகுதியும் இருந்தன. முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்; ஏப்ரல் 5 ஆம் தேதி சென்னைச் சட்டசபையில் கட்சி பேதமின்றி எதிர்ப்பு எழுந்தது; 8 ஆம் தேதி மூன்று பகுதிகளும் விலக்கப்பட்டன. மகிழ்ச்சியே. எனினும் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய 2020 ஆம் வருஷத்துச் சட்டத்தில் அரியலூர் மாவட்டம் இடம்பெறவில்லை. முதலில் செய்த அறிவிப்பில் அதன் ஒரு பகுதி கூறப்பட்டிருந்தது! மறு வருஷமே எண்ணெய் எரிவாயுக் கழகம் இம்மாவட்டத்தில் 10 ஆய்வுக் கிணறுகளுக்கு அனுமதி கோரிற்று. மாநில சர்க்கார் இசையவில்லை. ஆகவே, "மைக்கேல்பட்டி அவ்வேலத்திலிருந்து மட்டும் விலக்கப்பட்டதா, சுரங்கத்திற்கென வரையறுத்த பகுதிகளின் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டதா?" என்று கேட்பதே பொருளுள்ள கேள்வி.

நெசவாளரை மறத்தலாகாது. காலமல்லாத மழையில் தறிக்குழியில் நீர் ஊறுகிறது, கஞ்சி தோய்த்த பாவை வீதியில் விரித்து உலர்த்த இயலாது, கூலி நின்றுவிடுகிறது. பயிர் இழப்பிற்கு இன்ஷூரன்சு உண்டு. வேலையிழந்த தறி நாட்களை யார் எண்ணுவது? கேள்வி ஒரு மந்திரிக்கே அனுப்பப்படுவதால், பருவநிலை சுற்றுச்சூழல் இலாகாவிடமும் தறி ஜவுளி இலாகாவிடமும் நின்றுபோகும். இக்கேள்வியை ஜவுளி மந்திரிக்கே விடுத்தல் தகும்.

வேறொன்று. 2019 இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தில் தரிசு நிலத்தில் சூரிய மின் நிலையம் அமைக்கக் கூட்டுறவுச் சங்கங்களும் தகுதி பெற்றவை. மாவட்டவாரியாக எத்தனை சங்கங்கள் பயனடைந்தன என்று கேட்கலாம்.

"தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது" என்று மந்திரி கூறினால் மனந்தளர வேண்டாம். அது உறுதிமொழியாகக் கருதப்பட்டு, மூன்று மாதத்திற்குள் நிறைவேற்றப்பட வேண்டும். அதனைக் கண்காணிக்க உறுதிமொழிக் கமிட்டி ஒன்று உளது.

திருமழபாடி சிதம்பரம் லோக் சபைத் தொகுதியைச் சேர்ந்தது. மழைக்காலக் கூட்டம் வழக்கமாக ஜூலையில் தொடங்கும். கேள்வியைத் தீர்மானமாக நிறைவேற்றி, நிலத்தின் சர்வே எண், தறிகளின் எண்ணிக்கை ஆகியவற்றுடன் ஜூன் மாதத்திற்குள் தொகுதி அங்கத்தினருக்கு அனுப்பிவைக்கலாம்.